நிற்கும் படகின் புரொப்பெல்லர்

பாய்மரப் படகின் புரொப்பெல்லர் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைச் சும்மா இருந்தே கழிக்கிறது. காற்று இருந்தால் பாய் இழுத்துக்கொண்டு போகும். துறையை விட்டுக் கிளம்பவும் துறைக்குள் நுழையவும், காற்று செத்துப்போன மதியங்களிலும்தான் எஞ்சினுக்கு வேலை. மற்ற நாளெல்லாம் படகு கயிற்றில் கட்டிக் கிடக்கும். அடியில் அந்த வெண்கல இதழ்கள் அசையாமல் தொங்கும். சிங்கப்பூர், லங்காவி, திருகோணமலை போன்ற வெதுவெதுப்பான கடலில் சில வாரம் இப்படிக் கிடந்த படகைக் கிளப்பிப் பாருங்கள். எஞ்சின் எப்போதும்போல ஸ்டார்ட் ஆகும். கியர் போட்டால் படகு நகரத் தயங்கும். வேகத்தைக் கூட்டினால் கரும்புகை வரும், காலடியில் ஒரு நடுக்கம் தெரியும், ஆர்பிஎம் ஒரு கட்டத்துக்கு மேல் ஏற மறுக்கும். எஞ்சின் கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் தண்ணீருக்குள் தலையை விட்டுப் பார்ப்பது செலவைக் குறைக்கும். புரொப்பெல்லர் முழுக்கக் கொட்டலசு பிடித்திருக்கும்.

படகின் அடிப்பாகத்திலும் பாசியும் கொட்டலசும் பிடிக்கத்தான் செய்கின்றன. ஆனால் அங்கே கெடுதல் மெல்ல மெல்லத் தெரியும். புரொப்பெல்லரில் அப்படியில்லை. அதன் ஒவ்வோர் இதழும் விமானத்தின் இறக்கையைப் போன்ற வளைவு கொண்டது. நீர் அந்த வளைவை ஒட்டி வழுக்கிப் போனால்தான் உந்துவிசை பிறக்கும். அந்த வளைவின் மேல் சில மில்லிமீட்டர் உயரத்துக்கு முண்டும் முடிச்சுமாக வளர்ந்துவிட்டால் நீர் ஒட்டாமல் சிதறிப்போகிறது. எஞ்சின் தன் சக்தியையெல்லாம் தண்ணீரைக் கலக்குவதில் செலவழிக்கிறது. ஓர் இதழில் அதிகமாகவும் இன்னொன்றில் குறைவாகவும் வளர்ந்திருந்தால் ஷாஃப்ட் அதிரும்; அதிர்வு பேரிங்கையும் சீலையும் தேய்க்கும்.

காசிமேட்டிலோ ராமேஸ்வரத்திலோ உள்ள விசைப்படகுக்கு இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. அது அடிக்கடி ஓடுகிறது. ஓடும் புரொப்பெல்லரில் எதுவும் எளிதில் குடியேறாது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் பல படகுகள் கரையேறுகின்றன; அடியைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, அடுத்த வருடத்துக்குத் தயாராகிவிடுகின்றன. பாய்மரப் படகுக்காரருக்கோ ஏறக்குறைய வருடம் முழுவதுமே தடைக்காலம், படகோ தண்ணீரிலேயே கிடக்கிறது.

முதலில் எதிரியைப் பார்த்துவிடுவோம். சுத்தமான உலோகத்தைக் கடலில் போட்ட சில நிமிடங்களிலேயே நீரில் கரைந்துள்ள புரதமும் சர்க்கரையும் அதன் மேல் ஒரு மெல்லிய படலமாகப் படிகின்றன. சில மணி நேரத்தில் பாக்டீரியாக்கள் வந்து சேர்ந்து, நாள் போகப்போக விரலில் வழுவழுவென்று தட்டுப்படும் பாசிப்படலம் உருவாகிறது. அதன் பிறகு வருபவைதான் கடினமானவை: சுண்ணாம்புக் குழாய் கட்டும் புழுக்கள், பச்சை ஆளி, எல்லாவற்றுக்கும் மேலாகப் பார்னக்கிள் எனப்படும் கொட்டலசு.

கொட்டலசு பார்க்கச் சிப்பி மாதிரி இருந்தாலும் சிப்பியல்ல. இறாலுக்கும் நண்டுக்கும் சொந்தம். சார்லஸ் டார்வின் இந்த ஒரு பிராணியை ஆராய மட்டும் 1846 முதல் 1854 வரை எட்டு வருடம் உட்கார்ந்தார் என்றால் அதில் விஷயம் இருக்கிறது என்று பொருள். முட்டையிலிருந்து வரும் குஞ்சு நீரில் மிதந்து திரிகிறது. பல முறை தோல் உரித்தபின் சுமார் அரை மில்லிமீட்டர் நீளமுள்ள கடைசிக் குஞ்சுப் பருவத்தை அடைகிறது. இந்தப் பருவத்தில் அதற்கு இரை எடுக்கும் வேலை கிடையாது. இருக்க ஓர் இடம் தேடுவது ஒன்றே வேலை. தன் முன்கொம்புகள் இரண்டையும் கால்கள்போல் ஊன்றி, பரப்பின் மேல் நடந்து, தொட்டுத் தொட்டுச் சோதித்து, பிடிக்காவிட்டால் நீந்திப் போய்விடும். பிடித்துவிட்டால் தலைகுப்புற நின்று பசையைச் சுரந்து ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு சாகும்வரை அசைவு கிடையாது. சுற்றிலும் சுண்ணாம்புச் சுவர் எழுப்பி, உச்சியில் ஒரு கதவு வைத்து, அதன் வழியே கால்களை நீட்டி இரையை அள்ளித் தின்னும்.

இடம் பெயராத பிராணி இனம் பெருக்க வேண்டுமென்றால் துணை எட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும். ஆகவே அந்தக் குஞ்சு, ஏற்கெனவே தன் இனத்தார் இருக்கும் இடமாகப் பார்த்துத்தான் இறங்குகிறது. பெரியவற்றின் ஓட்டிலும், அவை விட்டுப்போன அடித்தட்டிலும் உள்ள ஒரு புரதமே அதற்கு அழைப்பிதழ். புரொப்பெல்லரை அரைகுறையாகச் சுரண்டிவிட்டு, வட்ட வட்டமாக வெள்ளைத் தழும்புகளை விட்டுவைப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். அந்தத் தழும்புகள் காலி மனைகள் அல்ல, விளம்பரப் பலகைகள்.

இப்போது ஒரு நியாயமான கேள்வி வரும். புரொப்பெல்லர் வெண்கலத்தில் செய்தது. வெண்கலத்தில் பெரும்பங்கு செம்பு. செம்பு கடல் உயிர்களுக்கு விஷம்; படகின் அடியில் பூசும் பெயின்டிலேயே செம்பு ஆக்சைடைத்தான் கலக்கிறார்கள். அப்படியிருக்க, செம்பாலேயே ஆன பொருளின் மேல் கொட்டலசு எப்படி வளர்கிறது?

இந்தக் கேள்விக்கான விடை இருநூறு வருடத்துக்கு முன்பே ஒரு பெரிய விஞ்ஞானியை அவமானப்படுத்திவிட்டுப் போயிருக்கிறது. பிரிட்டிஷ் கடற்படை 1761இல் அலார்ம் என்ற போர்க்கப்பலின் அடியில் செம்புத் தகடு அடித்துச் சோதித்தது. பாசியும் இல்லை, மரத்தைக் குடையும் புழுவும் இல்லை. 1780 வாக்கில் கடற்படை முழுவதும் செம்புத் தகட்டுக்கு மாறியது. ஆனால் தகடு உப்புநீரில் அரித்துக் கரைந்துகொண்டே இருந்தது. மாற்றி மாற்றிப் பணம் ஆற்றாய் ஓடியது. கடற்படை, ராயல் சொசைட்டியின் தலைவராயிருந்த ஹம்ஃப்ரி டேவியிடம் போய் நின்றது. டேவி 1824 ஜனவரியில் விடை சொன்னார்: செம்போடு ஒட்டினாற்போல் துத்தநாகத்தையோ இரும்பையோ சிறு துண்டாகப் பொருத்துங்கள், அது கரையும், செம்பு தப்பிக்கும்.

அவர் சொன்னது அணுவும் பிசகாமல் உண்மை. இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டபடி உப்புநீரில் கிடந்தால் அது ஒரு பேட்டரி. அதில் எளிதில் கரையும் உலோகம் தன்னைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றும். கொச்சியில் கட்டப்பட்ட சமராங் என்ற கப்பலில் பாதுகாப்புத் துண்டுகளைப் பொருத்தி அட்லாண்டிக்கைத் தாண்டி அனுப்பினார்கள். செம்பு கரையவில்லை. ஆனால் இப்படித் துண்டுகள் பொருத்திய கப்பல்களின் அடியில் பாசியும் கொட்டலசும் தழைத்து வளர்ந்தன. அடி கனத்த கப்பல் ஓடுமா? 1825இல் கடற்படை அந்தத் துண்டுகளையெல்லாம் கழற்றச் சொல்லிவிட்டது. டேவியைக் கிண்டல் செய்யாத பத்திரிகை இல்லை என்கிற நிலை.

செம்பு விஷமாக வேலை செய்வது அது கரையும்போது மட்டும்தான். கரைந்து வெளிவரும் செம்பு அயனிகள்தான் குஞ்சுகளை விரட்டுகின்றன. கரைவதை நிறுத்தினால் விரட்டுவதும் நின்றுவிடும். தேயாத செம்பு கொட்டலசுக்கு வெறும் தரை.

இன்றைய பாய்மரப் படகின் ஷாஃப்டைப் பாருங்கள். புரொப்பெல்லருக்குப் பக்கத்தில் உருண்டையாகவோ கூம்பாகவோ ஒரு துத்தநாகக் கட்டி மாட்டியிருக்கும். ஆனோடு என்பார்கள். அது டேவியின் அதே துண்டுதான். புரொப்பெல்லர் கரையாமல் அது காக்கிறது; அதே வேலையால் கொட்டலசுக்கு இடமும் ஒதுக்கித் தருகிறது.

அப்படியானால் கட்டியைக் கழற்றிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். படகுகளில் பரவலாக உள்ள மாங்கனீஸ் வெண்கலம் பெயரளவில்தான் வெண்கலம். உண்மையில் பாதிக்குச் சற்று மேல் செம்பும் பெரும்பாலான மீதி துத்தநாகமும் கலந்த பித்தளை. கட்டி இல்லாவிட்டால் அதற்குள் இருக்கும் துத்தநாகமே கரைந்து வெளியேறத் தொடங்கும். மஞ்சளாக இருந்த உலோகம் இளஞ்சிவப்பாக மாறும். சுத்தியலால் தட்டினால் கணீரென்று ஒலிக்காமல் சப்பென்று கேட்கும். இளஞ்சிவப்பான இதழ் ஒரு நாள் நடுக்கடலில் உடையும். கொட்டலசைச் சுரண்டி எடுக்கலாம். கரைந்துபோன இதழை என்ன செய்வது? ஆகவே கட்டி இருக்கட்டும். வேறு வழி பார்ப்போம்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, அடிப்பாகத்துக்கு வாங்கிய விஷப் பெயின்டில் மிச்சத்தைப் புரொப்பெல்லரிலும் அடித்துவிடுவது. இது ஏன் நிலைக்காது என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 1,000 சுற்றுச் சுற்றினால் இதழின் நுனி மணிக்குச் சுமார் 75 கிலோமீட்டர் வேகத்தில் தண்ணீரைக் கிழிக்கிறது. அதே நேரத்தில் படகு போவது மணிக்குப் பத்துப் பதினோரு கிலோமீட்டர். படகின் அடிக்கென்று செய்த பெயின்ட், மெல்லக் கரைந்து விஷத்தை விடும்படி வடிவமைத்தது. நுனியின் வேகத்தில் அது முதல் சில பயணங்களிலேயே உரிந்துபோகும். வழவழப்பான வெண்கலத்தில் பெயின்டின் பிடிப்பும் குறைவு. கீழே எபாக்சி பிரைமர் அடித்து, மேலே கடினவகைப் பெயின்ட் அடித்தால் கொஞ்ச நாள் கூடுதலாக நிற்கும். இதழின் நடுவிலும் மையத்திலும் மிஞ்சும். மிக முக்கியமான நுனியில் மிஞ்சாது.

சிலருடைய படகில் ஷாஃப்ட் கிடையாது. எஞ்சினிலிருந்து நேரே கீழிறங்கும் அலுமினியக் காலின் முனையில் புரொப்பெல்லர் இருக்கும். செயில்டிரைவ் என்பது அதன் பெயர். அந்தக் காலில் செம்பு ஆக்சைடு கலந்த பெயின்டை அடிக்கவே கூடாது. டேவி சொன்ன அதே பேட்டரி இங்கே எதிர்த்திசையில் வேலை செய்யும்: அலுமினியம் செம்பைவிட எளிதில் கரையும் உலோகம் என்பதால் கால் குழி குழியாக அரித்துப்போகும். அலுமினியத்துக்கு ஏற்றது என்று டப்பாவில் தெளிவாகப் போட்டிருக்கும் பெயின்டை மட்டும் வாங்குங்கள்.

விஷத்தின் கதையை இங்கே ஒரு வரியில் முடித்துவிடலாம் என்று பார்த்தால் முடியவில்லை. 1960களிலிருந்து டிரைபியூட்டைல்டின் என்ற வெள்ளீயச் சேர்மம் கலந்த பெயின்ட் வந்தது. அதைப்போல வேலை செய்தது அதற்கு முன்னும் பின்னும் இல்லை. ஆனால் பிரான்ஸின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பே படுத்துவிட்டது. ஓடுகள் தடித்துக் கோணலாயின, குஞ்சுகள் பிழைக்கவில்லை. பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்தது. பிரான்ஸ் 1982இல் சிறிய படகுகளுக்கு அதைத் தடை செய்தது. சர்வதேசக் கடல்சார் அமைப்பின் உடன்படிக்கை 2001இல் உருவாகி 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபோது உலக அளவில் அது முடிவுக்கு வந்தது. பழைய டப்பா ஏதாவது கொட்டகையில் கிடந்து யாராவது இரகசியமாக நீட்டினால் வாங்காதீர்கள்.

விஷத்தால் கொல்வதை விட்டு, ஒட்டவே விடாமல் செய்வது என்ற யோசனைதான் புரொப்பெல்லருக்குச் சரிப்பட்டு வந்தது. சிலிக்கோன் பூச்சு அப்படிப்பட்டது. நியூசிலாந்திலிருந்து வந்த புரோப்ஸ்பீட் இந்த வகையில் பிரபலமான பெயர். பூச்சு ஒரு பூச்சியையும் கொல்லாது. கொட்டலசு வந்து உட்காரும், பசையும் சுரக்கும். ஆனால் பிடிமானம் கிடைக்காது. எஞ்சினை ஓட்டினால் நீரின் வேகமே அதைப் பிய்த்து எறிந்துவிடும். மற்றப் பெயின்டுகளைத் தோற்கடித்த அந்த 75 கிலோமீட்டர் வேகம் இங்கே நமக்காக வேலை செய்கிறது. கூடுதல் லாபம் ஒன்றும் உண்டு: பூச்சு உலோகத்தை நீரிலிருந்து பிரித்துவைப்பதால் துத்தநாகக் கட்டியும் மெதுவாகக் கரையும்.

ஆனால் ‘ஓட்டினால்’ என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். மூன்று மாதம் அசையாமல் கிடந்தால் சிலிக்கோன் மேலும் வளரும். வளர்ந்தது எளிதில் உதிரும், அவ்வளவுதான். இந்தப் பூச்சுப் பயனில்லை என்று திட்டுபவர்களில் பலர் படகைக் கட்டிப்போட்டுவிட்டு ஊருக்குப் போனவர்கள். மீதிப் பேர் பூசும் வேலையில் சோம்பல் பட்டவர்கள். இதில் நூற்றுக்கு எண்பது பங்கு வேலை பூசுவதற்கு முன்னாலேயே இருக்கிறது.

முதலில் கொட்டலசைப் பிளாஸ்டிக் அல்லது மரச் சுரண்டியால் எடுக்க வேண்டும். எடுத்தபின் வெள்ளை வட்டமாகச் சுண்ணாம்பு அடித்தட்டு மிஞ்சும். வினிகரில் நனைத்த துணியைச் சற்று நேரம் சுற்றிவைத்தால் நுரைத்துக் கரையும். பிறகு நன்னீரில் நன்றாகக் கழுவ வேண்டும். அடுத்து 80ஆம் எண் உப்புத்தாளால் முழுப் பரப்பையும் தேய்த்து, பளபளப்பும் பழைய கறையும் போய்ச் சீரான கீறல் தெரியும் உலோகமாக்க வேண்டும். கண்ணாடிபோல் மெருகேற்றினால் கொட்டலசு வழுக்கும் என்று நினைத்து பாலிஷ் போடுகிறவர்கள் உண்டு. கொட்டலசு வழுக்காது, பூச்சுதான் வழுக்கும். தேய்த்த உலோகத்தை அப்படியே காற்றில் விட்டுவைத்தால் மறுபடி கறுக்கத் தொடங்கிவிடும் என்பதால், அன்றே சுத்திகரிப்புத் திரவத்தால் துடைத்து, துடைத்த இடத்தில் வெறுங்கை படாமல் பிரைமர் அடிக்க வேண்டும். விரல் ரேகையின் எண்ணெய் போதும், அந்த இடத்தில் மட்டும் பூச்சு உரியும். பிரைமர் முழுக்கக் காய்வதற்குள் அதன் மேல் சிலிக்கோன் போக வேண்டும். எத்தனை நிமிடம் என்பது பெட்டியில் உள்ள தாளில் இருக்கும், அதை மீறாதீர்கள். மழை வரும்போல் இருந்தால் வேலையை மறுநாளுக்குத் தள்ளுங்கள்.

பூசியபின் அதை நான்ஸ்டிக் தோசைக்கல்லைப்போலப் பழக வேண்டும். கத்தியும் கம்பிப் பிரஷ்ஷும் தொடக் கூடாது. மேலே ஏதாவது படிந்திருந்தால் மெத்தென்ற துணியால் துடைத்தால் போதும். ஒழுங்காகச் செய்தால் ஒன்றிரண்டு வருடம் தாங்கும்.

விலை கட்டுப்படியாகாதவர்களுக்குத் துத்தநாகத் தூள் அதிகம் கலந்த ஸ்பிரே இருக்கிறது. துத்தநாகம் தானே மெல்லக் கரைந்து உதிர்வதால் மேலே ஒட்டியதும் சேர்ந்து உதிரும். ஒரு பருவத்துக்குத் தாங்கினால் சந்தோஷம். ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லனோலின் கொழுப்பை இளக்கிப் பூசுகிறவர்களும் நிறைய. இது வேலை செய்யாமல் இல்லை. குளிர்ந்த கடலில் நன்றாகவும், நம் பக்கத்து வெப்பக் கடலில் சுமாராகவும். அடிக்கடி பூச வேண்டும் என்பதே சங்கடம். அதில் மிளகாய்த் தூளைக் கலந்தால் கொட்டலசுக்கு எரியும் என்று ஒரு நம்பிக்கை படகுத்துறைகளில் உலவுகிறது. மிளகாயைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

மடியும் புரொப்பெல்லர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பாயில் போகும்போது நீரின் இழுப்பைக் குறைக்க அதன் இதழ்கள் மூடிக்கொள்ளும். கியர் போட்டால் விரியும். இதழ் மடியும் கீலின் பற்களுக்கிடையே ஒரே ஒரு கொட்டலசு வளர்ந்தாலும் ஓர் இதழ் விரியாமல் நின்றுவிடும். அது தெரியவருவது பெரும்பாலும் துறைமேடையை நெருங்கி ரிவர்ஸ் போடும் நேரத்தில்தான். அங்கே பூச்சை நம்பாதீர்கள். இதழ்களைக் கையால் விரித்து மூடிப் பார்ப்பதும், கிரீஸ் வைப்பதும்தான் வழி.

நீண்ட நாள் படகை விட்டுப் போகிறீர்களா? மிக மலிவான வைத்தியம் ஒரு பை. தடிமனான கறுப்புப் பையையோ தார்ப்பாய்த் துணியையோ புரொப்பெல்லரைச் சுற்றி மாட்டி, ஷாஃப்டோடு இறுக்கிக் கட்டிவிட வேண்டும். உள்ளே வெளிச்சம் இல்லை, புது நீர் வராது, இருக்கும் ஆக்சிஜனும் தீர்ந்துவிடும்; குஞ்சு நுழைய வழியும் இல்லை. எந்தப் பூச்சும் நிற்கும் படகுக்கு இந்த அளவு பாதுகாப்புத் தராது என்பதே என் கட்சி. ஒரே ஆபத்து மறதி. பையோடு எஞ்சினைப் போட்டால் துணி சுற்றிக்கொண்டு ஷாஃப்ட் நின்றுபோகும். எஞ்சின் சாவியில் ‘பை கட்டியிருக்கிறது’ என்று எழுதிய அட்டையைத் தொங்கவிட்டுப் போங்கள். மெல்லிய கேரி பை வேண்டாம். கிழிந்து கடலில்தான் சேரும்.

ஊரிலேயே இருப்பவர்கள் வாரம் ஒரு முறையாவது படகை வெளியே எடுத்துப்போய்ச் சற்று நேரம் நல்ல வேகத்தில் ஓட்டினால் மேலே சொன்னவற்றில் பாதி தேவைப்படாது. அதற்கும் முடியாதவர்கள் மாதம் ஒரு முறை இறங்கித் துடைக்கலாம். கொட்டலசு மிளகு அளவில் இருக்கும்போது துணிக்கே வந்துவிடும், பொத்தான் அளவு வளர்ந்தபின் சுரண்டிதான். இறங்குவதற்கு முன் எஞ்சின் சாவியை எடுத்து உங்கள் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கொட்டலசின் விளிம்பு பிளேடு மாதிரி அறுக்கும், கடல்நீரில் பட்ட வெட்டுக்காயம் லேசில் ஆறாது.

இதில் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், பிரஷ்ஷும் டப்பாவும் கையில் இருக்கும் உற்சாகத்தில் பக்கத்தில் உள்ள துத்தநாகக் கட்டியையும் சேர்த்துப் பூசிவிடாதீர்கள். அது வெறும் உலோகமாகத் தண்ணீரில் கரைந்தால்தான் வேலை செய்யும். பாதி கரைந்துவிட்டதா, உடனே மாற்றிவிடுங்கள்.